ஒரு கட்டம் தள்ளிச் செவ்வாய்

ஜனவரி 15, புதன்

காலை 146/92.

டொக்டர் இலக்கத்தை மட்டும்தான் எழுதிவரச் சொன்னார். ஆனால் இந்தக் கொப்பியில் பக்கத்துக்கு இருபத்தாறு வரி இருக்கிறது. ஒரு வரியில் பிரஷரை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை.

நேற்றுப் பொங்கலுக்குச் சுட்ட வடையில் உப்புக் கூடிவிட்டது. அதுதான் இலக்கம் ஏறியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் சொன்னார், "இருபத்திமூண்டாந் தேதி தேய்பிறைத் தசமி. குணநாயகத்தின்ர ஆட்டத்திவசம். நாங்கள் போகவேணும்."

குணநாயகம் என் சிநேகிதி பவளராணியின் கணவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார், இது முதல் வருடத் திவசம். டிமின்ஸில் தங்கச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்தவர். எங்கள் ஸ்காபரோவிலிருந்து எழுநூறு கிலோமீற்றர் வடக்கே. கோடையிலேயே எட்டு மணித்தியாலம் ஓடவேண்டும். இந்தக் கனடாக் குளிரில் தை மாதம் கரடிகூட வெளியே வராத ஊர்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பவளம்தான். ஞாயிற்றுக்கிழமை கதைக்கேக்க சொன்னவ."

ஒவ்வொரு ஞாயிறும் காலை பதினொரு மணிக்கு இவர் போனை எடுத்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு இறங்குவார். அங்கே ஹீற்றர் சரியாக வேலை செய்யாது. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்று இருபது நிமிடம் கதைப்பார். சொந்தத் தங்கச்சியோடு கதைக்க இவருக்கு நாலு நிமிடம் போதும். மேலே இருந்து கதைத்தால் என்ன, நான் காதுக்குள் பஞ்சா வைத்திருக்கிறேன்?

நான் ஏன் பவளத்துக்குப் போன் எடுப்பதில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

148/94. வடை முடிந்து மூன்று நாள்.

செவ்வாயும் புதனும் வடக்கே கடும் ஸ்னோ என்று செய்தியில் சொன்னார்கள். இவரைக் கூப்பிட்டு ரீவியைக் காட்டினேன். "திதி ஸ்னோவுக்காகத் தள்ளிப்போகாது," என்றார். முப்பது வருடமாக இந்த மனுசனைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவது நான். இப்போது எனக்குத் திதி சொல்லித் தருகிறார்.

ஜனவரி 19, ஞாயிறு

152/96.

இவர் மீசைக்கு மை பூசியிருக்கிறார்.

குளியலறைத் தொட்டியில் கறுப்புத் துளிகளைக் கண்டு கேட்டேன். "திவச வீட்டுக்கு நரைச்ச மீசையோட போனால் அடுத்தது நான்தான் எண்டு சனம் நினைக்கும்," என்றார். பகிடியாம். போன மாதம் என் அக்காவின் மகள், பெறாமகளின் கலியாணத்துக்கு அதே நரைத்த மீசையோடுதான் வந்து நின்றார். அங்கே யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

சரி. கொப்பியை நான்தான் வாசிக்கப்போகிறேன், எழுதிவிடுகிறேன். இவரை முதலில் மாப்பிள்ளையாகப் பேசியது பவளத்துக்குத்தான்.

அப்போது இவர் ஊரில் கணக்கு மாஸ்டர். ரியூட்டரியில் எனக்கும் பவளத்துக்கும் படிப்பித்தவர். கரும்பலகையில் வட்டம் போட்டால் கொம்பாஸ் வைத்த மாதிரி வரும். எனக்குக் கணக்கு ஓடாது. ஆனால் ஒரு வகுப்புக்கூடத் தவறவிட்டதில்லை. தரகர் இவருடைய சாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது பவளத்தின் வீட்டுக்கு. பொருந்தவில்லை. பவளத்துக்கு ஏழில் செவ்வாய் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். பிறகு அந்தச் சாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது, பொருந்தியது, முடிந்தது.

முப்பத்தொரு வருடம். பவளம் இப்போது தனி ஆள். இவர் மீசைக்கு மை பூசுகிறார். நான் எதையும் பெரிதுபடுத்தவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

பின்னேரம் தமிழ்க் கடையில் வாழைக்காய், வாழையிலை, எள், தர்ப்பை எல்லாம் வாங்கினோம். நல்ல இலையாக இவரே விரித்து விரித்துத் தெரிந்தெடுத்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை அளக்க நேரமில்லை.

ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். வாழையிலைக் கட்டை டிக்கியில் வைத்தால் குளிரில் கறுத்துப்போகும் என்று என் கால்மாட்டில், ஹீற்றர் காற்றுக்கு முன்னால் வைத்தார். வாழைக்காயைக் கம்பளியால் சுற்றி மடியில் தந்தார். எனக்குக் கால் நீட்ட இடமில்லை. பவளத்தின் வீட்டு இலைக்கு முன் ஆசனம், எனக்கு மிச்ச இடம்.

பாரி நகரம் தாண்டியதும் வானம் கீழே இறங்கிவிட்டது. ரோடும் இல்லை, மரமும் இல்லை. முன்னால் போன லொறியின் இரண்டு சிவப்பு விளக்குகள்தான் ரோடு. சில இடங்களில் அதுவும் மறைந்தது. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் அடித்த உடனே உறைந்து கண்ணாடியையே மூடியது. பள்ளத்தில் ஏழு வாகனம் எண்ணினேன். ஒன்று குப்புறக் கிடந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

இவருக்குப் பயம் வந்தால் பதினேழாம் வாய்பாடு சொல்லுவார். பிள்ளைப்பேற்று வார்டுக்கு வெளியிலும் சொன்னவர், கனடாவுக்கு வந்த பிளேனிலும் சொன்னவர். இன்றைக்கு ஹன்ற்ஸ்வில் தொடக்கம் சொன்னார். பதினேழு, முப்பத்திநாலு, ஐம்பத்தொண்டு.

"திரும்புவமப்பா," என்றேன்.

"அவ தனிய இருக்கிறா, சுகிர்தம்."

"தனிய இருக்கிற ஆக்கள் உலகத்தில வேற இல்லையோ? உங்களுக்கு அவதான் கண்ணில படுறா."

இவர் அறுபத்தெட்டு, எண்பத்தைந்து என்று போனார்.

எனக்கு ஆத்திரம். என்னைப் பார்க்க இந்த மனுசன் இப்படி ஒரு ரோட்டால் வருவாரா? வந்திருக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டதுதான். ஊரில் எங்கள் வீடுகளுக்கு நடுவே நாலு அடியில் கடக்கிற ஒரு ஒழுங்கைதான் இருந்தது.

நோர்த் பே வந்தபோது பின்னேரம் நாலரை. அதற்கு அப்பால் பொலிஸ் ரோட்டைப் பூட்டிவிட்டது. ஒரு மோட்டலில் அறை எடுத்தோம். கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டோம். வாழையிலைக் கட்டை இவர் குளியலறையில் வைத்து ஈரத் துவாயால் மூடினார்.

158/98. கார் ஆட்டம்.

ஜனவரி 22, புதன்

பத்தரைக்கு ரோடு திறந்தது. ஸ்னோ நின்றுவிட்டது, குளிர் மைனஸ் முப்பத்திரண்டு. மூக்குக்குள் மயிர் உறைவது தெரிகிறது. டிமின்ஸ் வர ஐந்து மணி.

பவளம் வாசலில் நின்றாள். மெலிந்துவிட்டாள். அந்த மெலிவும் அவளுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. நான் மெலிந்தால் நோய் பிடித்த வருத்தக்காரி போலிருப்பேன்.

"மாஸ்டர், வாங்கோ. நல்லாப் பயந்துபோனன்," என்று முதலில் இவரைத்தான் வரவேற்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சுகி," என்றாள். கட்டிப்பிடித்தாள். நானும் பிடித்தேன். வாழைக்காய் நடுவில் இருந்தது.

பவளத்தின் மகன் கல்கரியிலிருந்து வர இருந்தான். பிளேன் ஓடவில்லை. இந்த ஊரில் ஐயரும் இல்லை. பவளம் சொல்ல முதலே இவர் போனில் ஐயரைப் பிடித்து ஒழுங்கு செய்துவிட்டார். மகன் அங்கேயிருந்து வீடியோவில் சங்கற்பம் செய்வதாம், இவர் இங்கே அவனுக்குப் பதிலாக எள்ளும் தண்ணீரும் இறைப்பதாம். வந்து அரை மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு ஆம்பிளை ஆகிவிட்டார்.

கோப்பை எங்கே இருக்கிறது என்று இவர் கேட்கவில்லை. சரியான கதவைத் திறந்து எடுத்தார். எப்படித் தெரியும்? செத்தவீட்டுக்கு வந்தபோது ஐந்து நாள் நின்றதாலாம். அப்போது நானும்தான் வந்தேன். எனக்குத் தெரியவில்லையே. நான் அந்த ஐந்து நாளும் அடுப்படிக்குப் போகவில்லை என்பது உண்மை. பவளத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது.

எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பவளத்தின் சாதகத்தைப் படி எடுத்தது நான்.

அது யுத்த காலம், ஊரில் கரண்ட் இல்லை, போட்டோக்கொப்பி இல்லை. தரகருக்குக் கொடுக்கச் சாதகக் குறிப்பைக் கையால்தான் எழுதவேண்டும். என் எழுத்து வடிவு என்று பவளத்தின் அம்மா என்னைக் கூப்பிட்டார். சிவப்பு மையால் பன்னிரண்டு கட்டம் கீறினேன். செவ்வாய் ஆறில் இருந்தது. நான் அதை ஏழில் எழுதினேன். ஒரே ஒரு கட்டம்.

பவளத்தின் அம்மாவுக்குக் கிரகம் பார்க்கத் தெரியாது. குறிப்பைக் கணித்த சாத்திரியார் இடம்பெயர்ந்து எங்கேயோ போய்விட்டார். புதுச் சாத்திரியார் என் எழுத்தைப் பார்த்துச் செவ்வாய் குற்றம் என்றார். இவருக்குச் சுத்த சாதகம், ஆகவே பொருந்தாது என்றார்.

ஒரு வருடம் கழித்துப் பவளத்தை, ஏழில் செவ்வாய் உள்ள குணநாயகத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்குச் செவ்வாய் என்று. உண்மையில் அவளுக்கு இல்லை. நான் வைத்தது. செவ்வாய் ஒருவருக்கு மட்டும் இருந்தால் இருவரில் ஒருவர் தங்கமாட்டார் என்பார்கள். இப்போது அந்த மனுசன் போய்விட்டார்.

எனக்குச் சாத்திரத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஜனவரி 23, வியாழன்

அளக்கவில்லை. அளக்க மாட்டேன்.

திவசம் நல்லபடி முடிந்தது. வாழையிலை கறுக்கவில்லை. ஐயர் போனுக்குள் இருந்து மந்திரம் சொன்னார், நடுவே இரண்டு தரம் உறைந்து நின்றார். இவர் வேட்டியோடு பவளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். வாழைக்காய்க் கறி நான் சமைத்தது. பவளம், "மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் வையடி," என்றாள். என் புருஷனுக்கு எவ்வளவு வைப்பதென்று எனக்குத் தெரியாதாம்.

சாப்பிட்ட பிறகு இவர் வாசலில் குவிந்திருந்த ஸ்னோவைத் தள்ளப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பாத்திரம் கழுவினோம்.

"ஏன்டி நீ ஒரு வருசமா எடுக்கேல்லை?" என்று பவளம் கேட்டாள்.

"வேலை."

"ஒவ்வொரு ஞாயிறும் உன்னைக் கேப்பன். கடைக்குப் போயிட்டா எண்டுவார் மாஸ்டர். ஒரு வருசமா ஞாயிறு பதினொரு மணிக்கு அப்பிடி என்னடி கடை?"

அதற்காகவா பேஸ்மென்றுக்குப் போனார்? எனக்காகப் பொய் சொல்வது எனக்குக் கேட்காமல் இருக்கவா?

பவளம் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய் ஒரு பழைய கடித உறையோடு வந்தாள். உள்ளே இருந்ததை மேசையில் விரித்தாள். சிவப்புக் கட்டம், என் எழுத்து.

கையிலிருந்த கோப்பையைத் தொட்டிக்குள் வைத்தேன்.

"இதுக்கு நான் உனக்கு ஒருநாளும் நன்றி சொல்லேல்லை," என்றாள். "அவர் இருக்கேக்கயே சொல்லியிருக்கவேணும். நீ செவ்வாயை மாத்தினதை நான் அண்டைக்கே கண்டிட்டன். மூலக் குறிப்பை எடுத்து ஒத்துப் பாத்தனான். எனக்கும் குணத்துக்கும் அப்பவே விருப்பம். அவருக்குச் செவ்வாய் எண்டு சொல்லி அம்மா கலியாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டா. நீ எனக்கும் செவ்வாய் வைச்சாய். ஒருத்தருக்கும் சொல்லாமல், என்னட்டக்கூடச் சொல்லாமல், எனக்காகச் செய்திருக்கிறாய் எண்டு விளங்கிச்சுது. மூலக் குறிப்பை அடுப்புக்குள்ள வைச்சிட்டன்."

அவள் குணநாயகத்தை விரும்பியது எனக்குத் தெரியாது. நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது, வேறு ஒன்றையும் காணவில்லை.

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நன்றி சொல்கிறாள், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள்.

"இல்லாட்டி என்னை மாஸ்டரோட எல்லே கட்டி வைச்சிருப்பினம். நினைச்சுப் பார். காலமை எழும்பினால் கணக்கு!"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் இவளிடமிருந்து பறித்ததென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆளை, இவள் வேண்டாமென்று தட்டிவிட்டிருக்கிறாள். அவருக்கு என்ன குறை?

"நான் உனக்காகச் செய்யேல்லை!" என்று கத்தினேன். "உன்ர குணநாயகத்தை ஆருக்குத் தெரியும்? எனக்கு அவர் வேணும். அவரை உனக்குக் குடுக்க எனக்கு மனமில்லை. அதுக்குத்தான் மாத்தினனான். திருப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வன்!"

பவளம் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். இவர் பூட்ஸில் ஸ்னோவோடு, கையில் ஸ்னோ தள்ளுகிற சவளோடு கதவுக்குள் நின்றார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் ஸ்னோ தள்ளப் போனார். தள்ள அங்கே ஸ்னோ மிச்சம் இருக்கவில்லை.

பவளம் அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"இவ்வளவு காலமும் எனக்கெண்டு ஒரு ஆள் இருந்தது எண்டு நினைச்சன், சுகி," என்றாள்.

மிச்சப் பாத்திரங்களை நான் தனியாகக் கழுவினேன்.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் வெளிக்கிட்டோம். பவளம் புட்டுக் கட்டித் தந்தாள். "பாத்துப் போங்கோ, மாஸ்டர்," என்றாள். நான் "போயிட்டு வாறன்" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நீல வானம், காய்ந்த ரோடு. பயப்பட ஒன்றுமே இல்லாத ரோட்டில் இவர் பதினேழாம் வாய்பாடு சொல்லிக்கொண்டு ஓடினார். நூற்றிரண்டு, நூற்றிப்பத்தொன்பது. நூற்றெழுபது வந்ததும் திரும்பத் தொடங்கினார். நான் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யார் வீட்டில் போய் இருப்பது என்று யோசித்தேன். தம்பி வீட்டில் மூன்று அறைதான்.

தெமகாமியில் கோப்பிக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் எனக்கு எதிரே இருந்தார்.

"எங்கட கலியாண வீட்டில உம்மட பெரியம்மா ஒரு கதை சொன்னவ," என்றார். "பவளத்துக்குப் பொருந்தாமல் போனதை இவளின்ர தலையில கட்டிப்போட்டினம், பாவம் பெட்டை எண்டு. எனக்குப் பின்னால நிண்டுதான் சொன்னவ."

"எனக்குத் தெரியாதப்பா."

"நீர் வேற வழியில்லாமல்தான் என்னைக் கட்டினீர் எண்டு நினைச்சன். ஒரு நாளும் கேக்கேல்லை. கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவீரோ எண்டு பயம்."

தேத்தண்ணியை ஊதினார். குடிக்கவில்லை.

"எதிலயிருந்து எதுக்கு மாத்தினீர்?"

"ஆறிலயிருந்து ஏழுக்கு."

"கை நடுங்கினதோ?"

"இல்லை."

இவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்த கையோடு மீசையையும் துடைத்ததில் காலையில் பூசிய மை கன்னத்தில் அப்பியது. பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "செய்தது பெரிய பிழை," என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "பவளத்திட்ட நீர்தான் கதைக்கவேணும். அதில நான் வரமாட்டன்." பிறகு எழுந்துபோய் எனக்கு ஒரு டோனற் வாங்கி வந்தார். இவருக்குச் சுகர், எனக்குப் பிரஷர், வருடக்கணக்காக நாங்கள் தொடாத சாமான். இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம்.

வீடு வரும்வரை வாய்பாடு இல்லை.

ஜனவரி 25, சனி

126/82. மெஷினில் பிழை இருக்கவேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

128/82. மெஷின் சரிதான் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு இவர் போனை எடுத்தார். பேஸ்மென்றுப் படிவரைக்கும் போய்த் திரும்பிவந்து என் கையில் தந்தார். தன் ஜக்கெற்றையும் தந்தார். நான் போட்டுக்கொண்டு இறங்கினேன். சரியான குளிர். ஒரு வருடம் இதற்குள் நின்றா கதைத்தார்?

"மாஸ்டரோ?" என்றாள் பவளம்.

"நான்."

அவள் போனை வைக்கவில்லை. சொல்லப் பாடமாக்கி வைத்திருந்தது எல்லாம் எனக்கு மறந்துபோனது.

"பவளம், எனக்கு வேலை ஒண்டும் இருக்கேல்லை," என்றேன். "பயத்திலதான் எடுக்கேல்லை. உனக்கில்லாத செவ்வாயை நான் எழுதி, அதாலதான் குணம் அண்ணை போனாரோ எண்டு பயம். உன்ர குரலைக் கேட்டால் அதுதான் வரும். அதுதான் எடுக்கேல்லை."

அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"விசரி," என்றாள் கடைசியில். "அந்த மனுசன் செத்தது சிகரெட்டால. ஒரு நாளைக்கு இருபது. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்." மூக்கை உறிஞ்சினாள். "முப்பது வருசம் நல்லா வைச்சிருந்தவர். அதில உனக்கும் பங்கிருக்கு, நீ விரும்பினாலும் விரும்பாட்டிலும்."

நான் படியில் குந்திக்கொண்டு அழுதேன். அவள் புட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லாயிருந்தது என்றேன்.

"உன்னோட எனக்கு இன்னும் கோவம்தான்," என்றாள் வைக்கும்போது. "கொஞ்ச நாளைக்கு இருக்கும். அடுத்த ஞாயிறு மாஸ்டரை எடுக்கச் சொல்லு."

பின்னேரம் 139/88.

அடுத்த ஞாயிறும் நான்தான் எடுப்பேன்.